வரைபடம் கையிலிருந்து திரைக்குப் போனபோது: ஃபார் க்ரை 2, 3 பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு கேமின் அடுத்த பாகம் படத்தில் அழகாகவும் ஓட்டத்தில் வழுவழுப்பாகவும் வந்த பிறகும், "முந்தினதுல அந்த இடத்துலயே இருந்த மாதிரி இருந்துச்சு, இதுல இல்ல" என்று விளையாடியவர்கள் சொல்வது வழக்கம். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் தடுமாறும். கிராபிக்ஸ் என்பார்கள், கதை என்பார்கள், பழைய பாசம் என்பார்கள். ஃபார் க்ரை வரிசையின் இரண்டாம், மூன்றாம் பாகங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் அந்தப் பதில் கொஞ்சம் பிடிபடும். இரண்டையும் உருவாக்கியது யுபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனத்தின் மான்ட்ரியல் ஸ்டூடியோ. இரண்டும் டூனியா இன்ஜின் என்ற மென்பொருள் அடித்தளத்தில் ஓடுபவை, இரண்டும் முதல் நபர் பார்வையில், அதாவது நாயகனின் கண்வழியே, ஒரு திறந்த நிலப்பரப்பில் நடப்பவை. இடையில் நான்கு ஆண்டுகள். தொழில்நுட்பம் முன்னேறியதே தவிர தலைகீழாகவில்லை. மாறியதில் பெரும்பங்கு வடிவமைப்பு முடிவுகள்தான்.

இங்கே ஒன்றுதல் என்று சொல்வது ஒரு குறிப்பிட்ட நிலையை: விளையாடுபவர் தனக்குத் தெரிய வேண்டியதை அந்த உலகத்துக்குள்ளிருந்தே எடுத்துக்கொள்வதும், தான் செய்தது அங்கே நிலைக்கும் என்று நம்புவதும். ஒன்று தகவல் எங்கே இருக்கிறது என்பது, மற்றொன்று உலகத்துக்கு ஞாபகம் இருக்கிறதா என்பது. இந்த இரண்டு பாகங்களும் அந்த இரண்டையும் எதிரெதிராகக் கையாண்டன. அதனால்தான் இது நல்ல மாதிரி.

முதல் பாகம் 2004-ல் வேறொரு ஸ்டூடியோவிடமிருந்து வந்தது. அதற்கும் இந்த இரண்டுக்கும் கதைத் தொடர்பு அநேகமாக இல்லை. இரண்டாம் பாகம் 2008 அக்டோபரில் வெளியானது. பெயர் சொல்லப்படாத ஓர் ஆப்பிரிக்க நாடு, அங்கே உள்நாட்டுப் போர், இரண்டு தரப்புக்கும் ஆயுதம் விற்கும் ஒருவன். அவனைக் கொல்ல வந்த கூலிப்படை ஆள்தான் நாம். நிலப்பரப்பு மொத்தம் 50 சதுர கிலோமீட்டர், வடக்கு தெற்கு என்று இரண்டு துண்டு.

2008: தகவல் பொருளுக்குள் இருந்தது

விளையாடுவோர் 'ஹட்' என்று சொல்லும் திரைக்குறிகளை இரண்டாம் பாகத்தின் குழு முடிந்தவரை ஒதுக்கியது. உயிர்ப்பட்டையும் குண்டு எண்ணிக்கையும் தேவைப்படும் நேரத்தில் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்துவிடும். மீதி எல்லாத் தகவலுக்கும் ஒரு பொருளோ ஒரு கையசைவோ கொடுக்கப்பட்டது.

வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்தினால் ஒரு கையில் மடித்த காகித வரைபடமும் மறு கையில் ஜிபிஎஸ் கருவியும் வரும். ஆட்டம் நிற்காது. நடந்துகொண்டே பார்க்கலாம், ஆனால் துப்பாக்கி கையில் இருக்காது. ஜீப் ஓட்டும்போது பார்த்தால் வரைபடம் பார்வையின் கீழ்ப்பகுதியை அடைத்துக்கொள்ளும். சாலையைப் பார்ப்பதா காகிதத்தைப் பார்ப்பதா என்ற இழுபறியில் வண்டி புதருக்குள் போகும். நாலைந்து முறை மரத்தில் மோதிய பிறகு விளையாடுபவர் தானாகவே ஒரு பழக்கத்துக்கு வருகிறார்: சந்திப்புக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, வரைபடத்தைப் பார்த்து, "ஆற்றைத் தாண்டி இடது, பிறகு ரயில் பாதை" என்று மனதில் போட்டுக்கொண்டு கிளம்புவது. சாலையோரக் கைகாட்டிகளும் உதவும். போக வேண்டிய திசையைக் காட்டும் பலகை சிவப்பாகத் தெரியும். நகரத்துக்குப் புதிதாக வந்தவர் வழி கண்டுபிடிப்பது போலத்தான் இருக்கிறது. பத்து மணி நேரத்துக்குப் பிறகு பல இடங்களுக்கு வரைபடம் தேவைப்படாது. நிலம் மனதில் ஏறியிருக்கும்.

மற்றவையும் இதே வழிதான். பதுங்குவீட்டில் படுக்கும்போது எத்தனை மணிக்கு எழுவது என்பதைக் கைக்கடிகாரத்தில் வைக்க வேண்டும். வைரப் பெட்டி (அங்கே வைரம்தான் பணம்) அருகில் இருந்தால் ஜிபிஎஸ் கருவியின் பச்சை விளக்கு சிமிட்டும், நெருங்க நெருங்கச் சிமிட்டல் வேகமாகும். கூட்டாளி பேச வேண்டுமென்றால் மொபைல்போன் ஒலிக்கும், கை அதை எடுக்கும். உயிர் கடைசிக் கட்டத்துக்கு இறங்கினால் எண் எதுவும் மின்னாது. சண்டைக்கு நடுவில் ஒளிந்து, தன் உடம்பில் பாய்ந்த குண்டைக் குறடால் பிடுங்கி எடுப்பதை நாமே பார்க்க வேண்டும். அதே 2008 அக்டோபரில் வந்த டெட் ஸ்பேஸ் உயிர்ப்பட்டையை நாயகனின் முதுகெலும்பில் வைத்தது. அந்த ஆண்டு இப்படி ஒரு காற்று வீசிக்கொண்டிருந்தது என்று சொல்லலாம்.

துப்பாக்கிதான் இதில் கெட்டிக்காரத்தனமான பகுதி. எதிரியிடமிருந்து பறித்த துப்பாக்கி துருவும் அழுக்குமாக இருக்கும். அது சண்டையில் மக்கர் பண்ணும். குண்டு சிக்கிக்கொண்டால் பொத்தானைத் திரும்பத் திரும்பத் தட்டி விடுவிக்க வேண்டும். ரொம்பத் தேய்ந்தால் கையிலேயே வெடித்துவிடும். கடையில் வாங்கியது பளபளப்பாக வரும், சுடச்சுட மெல்ல மங்கும். 'ஆயுதத்தின் நிலை 43 சதவீதம்' என்று எங்கும் எழுதியிருக்காது. துருவைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அதனால் தொல்லை வரும் முன்பே எச்சரிக்கை கண்ணில் பட்டுவிடுகிறது. கிளம்பும் முன் கிடங்குக்குப் போய்த் துப்பாக்கியை மாற்றாதது நம் தவறு என்று தோன்றுமே தவிர, கேம் ஏமாற்றிவிட்டது என்று தோன்றாது.

மலேரியா அப்படி இல்லை. கதையின் தொடக்கத்திலேயே நாயகனுக்குக் காய்ச்சல் வந்துவிடுகிறது. அவ்வப்போது பார்வை மங்கும், மாத்திரை போட வேண்டும், மாத்திரை தீர்ந்தால் பொதுமக்களுக்குப் பயண ஆவணம் கொண்டுபோய்க் கொடுத்து வாங்க வேண்டும். இதை முன்கூட்டியே கவனித்துத் தவிர்க்க வழியில்லை. எப்போது வரும் என்பதற்கு உலகத்தில் அடையாளமும் இல்லை. எனவே துப்பாக்கியின் துரு ஒன்றுதலைக் கூட்டியபோது மலேரியா அதைக் குறைத்தது. இரண்டையும் ஒரே 'எதார்த்தம்' என்ற பெட்டியில் போட்டு விவாதித்தவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிட்டார்கள் என்றே படுகிறது.

அதே கேமில் நூல் அறுந்த இடங்கள்

இரண்டாம் பாகம் பெற்ற புகார்களில் முதலிடம் செக்போஸ்ட்டுக்கு. சாலைச் சந்திப்புகளில் ஆயுதம் ஏந்தியவர்கள் காவல் இருப்பார்கள். ஒரு செக்போஸ்ட்டில் இருப்பவர்களையெல்லாம் வீழ்த்தி, வேலையை முடித்துவிட்டு அதே வழியில் திரும்பினால், அங்கே அத்தனை பேரும் மறுபடி நிற்பார்கள். பிணம் இல்லை, எரிந்த புல் இல்லை, எரிந்த ஜீப்பும் இல்லை. குறிப்பிட்ட தூரம் விலகியதும் அந்த இடம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. காட்டுத்தீ காற்றின் திசையில் பரவும் அளவுக்கு நுட்பமாகக் கட்டிய உலகத்துக்கு, அரை மணி நேரத்துக்கு முன் நடந்தது ஞாபகமில்லை.

இது எரிச்சல் மட்டுமல்ல, கேம் தானே வளர்த்த பழக்கத்தை அதுவே முறித்ததும்கூட. 'ஆற்றங்கரைச் சந்திப்பு ஆபத்து, வடக்கு வழி பாதுகாப்பு' என்று விளையாடுபவர் மனதில் வரைந்துகொண்ட நிலத்துக்குப் பொருளில்லாமல் போகிறது. நாளடைவில் சண்டையும் அலுத்து, செக்போஸ்ட்டைக் கண்டால் நிற்காமல் ஓட்டிவிடுவது வழக்கமாகிறது.

மற்றவை சிறியவை, ஆனால் சேர்ந்து கனக்கின்றன. எந்தத் தரப்புக்கு வேலை செய்தாலும் இரு தரப்பு ஆட்களும் கண்டதும் சுடுவார்கள். 'இது ரகசிய வேலை, எங்கள் ஆட்களுக்கே தெரியாது' என்ற ஒரு வரி விளக்கம் முப்பது மணி நேரத்தைத் தாங்காது. ஆயுத லாரிகள் முடிவில்லாமல் ஒரே வட்டத்தில் சுற்றும். பாத்திரங்கள் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். காட்டில் வரிக்குதிரையும் மானும் எருமையும் உண்டு, வேட்டையாடும் விலங்கு ஒன்றுகூட இல்லை. வண்டி எவ்வளவு நொறுங்கினாலும் பானெட்டைத் திறந்து ஒரே போல்ட்டை ஸ்பேனரால் திருகினால் சரியாகிவிடும்.

விமர்சகர்கள் நல்ல மதிப்பெண்ணே கொடுத்தார்கள். விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் தளங்களில் நூற்றுக்கு 85-ஐ ஒட்டி நின்றது. ஆனால் வாங்கியவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு சாராருக்கு அது மறக்க முடியாத இடம், மற்றவர்களுக்கு வேண்டுமென்றே தொல்லை கொடுக்கும் கேம்.

2012: எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மூன்றாம் பாகம் 2012 நவம்பர் இறுதியில் வந்தது. களம் ஒரு வெப்பமண்டலத் தீவுக்கூட்டம். விடுமுறைக்கு வந்த அமெரிக்க இளைஞர்கள் கொள்ளையர்களிடம் சிக்குகிறார்கள், ஒருவன் தப்பி மற்றவர்களை மீட்கப் போகிறான். வடிவமைப்புத் தலைமையில் இருந்தவர்கள் மாறியிருந்தார்கள். முந்தைய பாகத்தின் படைப்பு இயக்குநர் வெளியேறிவிட்டார். கதை ஒன்று சொல்ல, ஆட்டம் வேறொன்றைச் செய்ய வைக்கும் முரணுக்கு 2007-ல் ஒரு கலைச்சொல்லை உண்டாக்கிப் புழக்கத்தில் விட்டவர் அவர்.

முதல் முடிவு ஞாபகம் பற்றியது. செக்போஸ்ட்டுகளுக்குப் பதிலாக 34 அவுட்போஸ்ட்டுகள், அதாவது எதிரி முகாம்கள். ஒன்றைப் பிடித்தால் அது பிடித்ததுதான். கொடி மாறும், தீவின் சொந்த மக்கள் காவலுக்கு வருவார்கள், சுற்றுவட்டாரச் சாலைகளில் கொள்ளையர் நடமாட்டம் குறையும். இது முந்தைய பாகத்தின் முதல் புகாருக்கு நேரான பதில், சரியான பதிலும்கூட.

இரண்டாவது, உரசலை, அதாவது விளையாடுபவரை இடறவைக்கும் தொல்லைகளை, எடுத்துவிடுவது. துப்பாக்கி மக்கர் பண்ணாது. மலேரியா இல்லை. இதன் நியாயம் புரிகிறது: முந்தைய கேமில் பலர் அலுத்துக்கொண்டது இவற்றை வைத்துத்தான். ஆனால் தவிர்க்க முடியாத தொல்லையோடு கண்ணால் பார்த்துத் தவிர்க்கக்கூடிய தொல்லையும் சேர்ந்து போய்விட்டது.

மூன்றாவதுதான் இந்த ஆய்வின் மையம். விளையாட்டில் வேலைகள் பெருகின. விலங்கை வேட்டையாடித் தோலில் பைகளும் பணப்பையும் செய்வது, செடி பறித்து ஊசிமருந்து கலப்பது, அனுபவப் புள்ளிகள், அவற்றைக் கொடுத்துப் புதுத் திறன்களைத் திறக்கும் திறன் மரங்கள், பழம்பொருள் சேகரிப்பு, கடிதங்கள், பந்தயங்கள், சீட்டாட்டம். ஒவ்வொரு ஏற்பாடும் விளையாடுபவருக்கு இரண்டு மூன்று செய்திகளையாவது சொல்ல வேண்டியிருக்கிறது: எவ்வளவு இருக்கிறது, நிறைந்துவிட்டதா, புதிதாக என்ன செய்யலாம், எங்கே கிடைக்கும். இத்தனைக்கும் ஒரு கைக்கடிகாரமும் ஒரு காகிதமும் போதாது. எனவே எல்லாம் திரைக் கண்ணாடிக்கு ஏறின. மூலையில் மினிமேப் என்ற குட்டி வரைபடம், போக வேண்டிய இடத்தைக் காட்டும் நோக்கப் புள்ளி, அதன் தூரம், புள்ளிகள் கூடும் அறிவிப்பு, 'இந்தத் தோலில் இதைச் செய்யலாம்' என்ற நினைவூட்டல், 'அடுத்து அங்கே போ' என்று திரும்பத் திரும்ப வரும் வரி. வரைபடம் கையிலிருந்து மெனுவுக்குப் போனது. அதைத் திறந்தால் உலகம் நின்றுவிடும். 18 வானொலிக் கோபுரங்களில் ஒவ்வொன்றாக ஏறினால் அந்தந்தப் பகுதி வரைபடத்தில் தெளிவாகும். திரைக்குறிகளைக் கூட்ட வேண்டும் என்று யாரும் தனியாகத் தீர்மானித்திருக்க வேண்டியதில்லை. ஏற்பாடுகளைக் கூட்டியபோதே அது தீர்மானமாகிவிட்டது.

நான்காவது, நடிப்பு. முகபாவத்தையும் உடலசைவையும் சேர்த்துப் பதிவுசெய்து, பாத்திரங்களை நேராக நம் கண்ணைப் பார்த்துப் பேசவைத்தார்கள். முந்தைய பாகத்தின் ஒப்பித்தலோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம். கொள்ளையர் தலைவன் அருகில் குனிந்து பேசும்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலி மறந்துபோகும்.

ஒரே அவுட்போஸ்ட், இரண்டு விதம்

வேறுபாட்டைக் கிட்டத்தில் பார்க்க, முகாமைத் தாக்கும் முன் வேவு பார்க்கும் இரண்டு நிமிடமே போதும்.

இரண்டாம் பாகத்தில்: மேட்டில் படுத்து, வரைபடத்தைக் கையில் எடுத்தால் ஒற்றைக்கண் தொலைநோக்கியும் பயன்படும். அதில் பார்த்துக் குறிக்கக்கூடியவை நிலையான பொருட்கள்தான்: குண்டுக் கிடங்கு, மருந்துப் பெட்டி, வண்டி, மறைந்து சுடுபவனின் மேடை. அவை காகிதத்தில் குறியாக ஏறும். ஆட்களைக் குறிக்க முடியாது. 'கூரையில் ஒருத்தன், வேலி ஓரமா ரெண்டு பேர், ஒருத்தன் தொட்டிப் பக்கம் போயிட்டு வர்றான்' என்று நாமே எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். இறங்கிச் சுடத் தொடங்கியதும் அந்த எண்ணிக்கை குழம்பும். நான்காவது ஆள் எங்கே என்று தெரியாத அந்தப் பத்து விநாடிதான் கேமின் உச்சம். காது கூர்மையாகும், புல் அசைவதும் காலடிச் சத்தமும் கவனத்துக்கு வரும்.

மூன்றாம் பாகத்தில்: அதே மேடு, கையில் கேமரா. ஒவ்வோர் ஆளின் மேலும் கொஞ்ச நேரம் நிலைநிறுத்தினால் அவன் தலைக்கு மேல் குறி விழும். அதற்குப் பிறகு சுவருக்குப் பின்னால் போனாலும் குறி தெரியும், மினிமேப்பிலும் நகரும். எல்லோரையும் குறித்தபின் நாம் ஆட்களைப் பார்ப்பதில்லை, குறிகளைப் பார்க்கிறோம். கட்டடத்தின் அமைப்பு, விளக்கு வெளிச்சம், அவன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறான் என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். யாராவது நம்மைக் கவனிக்கத் தொடங்கினால் திரையில் ஒரு வில் நிரம்பும். அந்த வில்லைப் பார்த்துப் பின்வாங்குகிறோம், அவன் முகத்தைப் பார்த்து அல்ல. தந்திரமாக விளையாட இது அருமையான கருவி, திட்டம் போடும் சுகமும் கூடுகிறது. ஆனால் நாம் இருக்கும் இடம் மேடு இல்லை, ஒரு கட்டுப்பாட்டு அறை.

மூன்றாம் பாகம் இதற்கு நேர்மாறாகச் சாதித்த இடங்களும் உண்டு, அவை குறைவில்லை. முகாமின் கூண்டில் புலி இருந்தால், தொலைவிலிருந்து பூட்டைச் சுட்டுத் திறந்துவிடலாம். மீதியை அது பார்த்துக்கொள்ளும். திட்டமே இல்லாமல் கொமோடோ உடும்பு ஒன்று பின்னாலிருந்து காலைக் கவ்வும். முந்தைய பாகத்தின் சாதுவான காட்டில் இந்தப் பயம் கிடையாது. இன்னொன்று பச்சை குத்துதல்: கற்றுக்கொள்ளும் திறன்கள் நாயகனின் இடது கையில் உருவங்களாகச் சேர்ந்துகொண்டே போகும். துப்பாக்கியைப் பிடித்திருக்கும்போதே எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பது தன் தோலில் தெரியும். செடிகளும் அப்படித்தான். எந்த மருந்துக்கு எது என்பதை இலையின் நிறமே சொல்லிவிடும்.

கதை மிஷன்கள்தான் பலவீனம். குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் 'மிஷன் பகுதிக்குத் திரும்பு' என்ற எச்சரிக்கை, திரும்பாவிட்டால் தோல்வி. எங்கும் போகலாம் என்று இருபது மணி நேரம் பழக்கிவிட்டு, பக்கவாட்டில் சுற்றிவந்து தாக்க நினைக்கும்போது கையைப் பிடித்து இழுப்பது போன்றது இது. முக்கியமான எதிரிகளோடு மோதும் இடங்களில் திரையில் தோன்றும் பொத்தானை உரிய நேரத்தில் அழுத்தினால் போதும் என்று ஆக்கியதையும் இதோடு சேர்க்க வேண்டும்.

வெளியானபின் நடந்தது

மதிப்பெண்கள் 90-ஐ ஒட்டி வந்தன, விற்பனையில் மூன்றாம் பாகம் இரண்டாவதை வெகுவாக முந்தியது. வணிகக் கணக்கில் எல்லா முடிவும் சரி. புகார் ஒன்றில் குவிந்தது: திரைக்குறிகள். முக்கியமாகக் கணினியில் விளையாடியவர்கள், மறைய மறுக்கும் நோக்க வரியையும் செய்முறை நினைவூட்டலையும் அணைக்க வழி கேட்டார்கள். வெளியீட்டின்போது அந்த வசதி இல்லை. பின்னால் வந்த ஒரு பேட்ச் (வெளியான கேமுக்குப் பிறகு தரப்படும் திருத்தம்) திரைக்குறிகள் பலவற்றைத் தனித்தனியாக அணைக்க வழிசெய்தது. 2013-ல் இன்னொரு பேட்ச், பிடித்த அவுட்போஸ்ட்டுகளை மறுபடி எதிரிகளிடம் கொடுத்துப் புதிதாகப் பிடிக்கும் வசதியைத் தந்தது.

இந்த இரண்டாவது பேட்ச் கவனிக்கத்தக்கது. ஞாபகம் உள்ள உலகம் கேட்டார்கள், கிடைத்தது. ஆனால் 34 முகாம்களையும் பிடித்து முடித்தவருக்குத் தீவு வெறிச்சோடிவிட்டது. பிடித்ததைத் திரும்பத் தாக்க எதிரிக்கு வழியே வைக்கவில்லை. 2008-ன் உலகம் எல்லாவற்றையும் மறந்தது, 2012-ன் உலகம் எல்லாவற்றையும் நிலைநிறுத்திவிட்டு உறைந்துபோனது.

அணைத்துவிட்டு விளையாடினால்

பேட்ச் வந்தபின் மினிமேப்பையும் குறிகளையும் நினைவூட்டல்களையும் முழுவதும் அணைத்து விளையாடினால் என்ன கிடைக்கிறது? முதல் அரை மணி நேரம் அற்புதம். காடு அடர்த்தியாகத் தெரியும், சத்தங்கள் முன்னுக்கு வரும். எதிரிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை வைத்து எண்ணிக்கையைக் கணிக்கலாம். எச்சரிக்கை மணிப்பெட்டிகள் முகாமில் கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே இருக்கின்றன, வானொலிக் கோபுரங்கள் தொலைவிலிருந்தே அடையாளம் காட்டும். இவற்றுக்கெல்லாம் திரைக்குறி ஆரம்பத்திலிருந்தே தேவைப்பட்டிருக்கவில்லை.

பிறகு ஒரு மிஷனை ஏற்றுக்கொள்வோம். 'போய் அவனைக் கண்டுபிடி' என்பார்கள். எங்கே? ஆற்றின் எந்தக் கரை, எந்த மலைக்குப் பின்னால் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. வசனம் எழுதியபோதே 'குறி காட்டிவிடும்' என்று விட்டுவிட்டார்கள். வழி தேட மெனு வரைபடத்தைத் திறந்தால் ஆட்டம் நின்று முழுத்திரை மாறுகிறது, மூடினால் மறுபடி காடு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி உள்ளே வெளியே போய்வருவது மினிமேப்பைவிட மோசம். கடைசியில் மினிமேப்பை மட்டும் திரும்பப் போட்டுக்கொள்ளத் தோன்றும். குறியை எடுத்த இடத்தில் மாற்றுப் பொருள் எதுவும் இல்லை, வெறும் ஓட்டைதான். எடுத்தால் கஷ்டம் கூடுகிறது, ஒன்றுதல் கூடுவதில்லை.

இரண்டாம் பாகத்தில் மினிமேப் இல்லாமல் வழி கண்டுபிடிக்க முடிந்தது, கைகாட்டிகளையும் காகிதத்தையும் ஜிபிஎஸ் கருவியையும் அதற்கென்றே செய்து வைத்திருந்ததால்தான். அந்த வேலை வடிவமைப்பின் தொடக்கத்தில் நடந்தது. பேட்ச்சில் அதைச் சேர்க்க முடியாது: கைகாட்டிகளை நட வேண்டும், வசனங்களைத் திரும்பப் பதிவுசெய்ய வேண்டும், மெனுவைக் கைக்குக் கொண்டுவர அசைவூட்டம் செய்ய வேண்டும்.

அடுத்த பாகங்களில்

2014-ல் வந்த நான்காம் பாகம் கோபுரங்களை மணிக்கோபுரங்களாக்கி அதே வழியில் தொடர்ந்தது. 2018-ல் வந்த ஐந்தாம் பாகம் மினிமேப்பை எடுத்துவிட்டு மேலே ஒரு திசைப்பட்டையை வைத்தது. வரைபடம் நாம் நடக்க நடக்கத் திறந்தது. வழியில் சந்திப்பவர்களிடம் பேசினாலும் கிடைக்கும் வரைபடங்களைப் படித்தாலும் புதிய இடங்கள் தெரியவந்தன. தொடக்கத்தில் ஒரே ஒரு கோபுரத்தில் ஏறச் சொல்லிவிட்டு, மாவட்டம் முழுக்க இப்படி ஏறவிட மாட்டேன் என்று ஒரு பாத்திரம் கிண்டலும் செய்யும். தகவல் திரும்ப மனிதர்களின் வாய்க்குப் போகத் தொடங்கியது, முழுதாக இல்லாவிட்டாலும்.

மறுபடி செய்வதானால்

தொடர் பாகம் ஒன்றைத் திட்டமிடும் குழு இந்த நிகழ்விலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய வேலைமுறை எளியதுதான். புது ஏற்பாடு ஒன்றைச் சேர்க்கும்போதே, அது விளையாடுபவரிடம் சொல்ல வேண்டிய செய்திகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைச் சுமக்கும் பொருளையோ ஒலியையோ ஆளையோ எழுத வேண்டும். எதிர்க்கட்டம் காலியாக இருக்கும் செய்திகள் எல்லாம் திரைக்குத்தான் போகும். கட்டங்கள் பாதிக்கு மேல் காலி என்றால் சேர்க்கவிருந்த ஏற்பாடுகளில் சிலவற்றை விடுவது நல்லது. சீட்டாட்டமும் பந்தயமும் இல்லாவிட்டால் மூன்றாம் பாகத்தை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

திரைக்குறி இல்லாத முறையைக் கடைசியில் தரும் சலுகையாக வைக்காமல், முதல் மாதிரியிலிருந்தே ஓட்டிப் பார்க்க வேண்டும். புதியவர் ஒருவரை உட்காரவைத்து, குறிகளை அணைத்து, வசனத்தை மட்டும் கேட்டு ஒரு மிஷன் இடத்துக்குப் போகச் சொன்னால் போதும். அவர் தொலைந்து நிற்கும் ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு கைகாட்டியோ, புகையோ, தனித்துத் தெரியும் மரமோ தேவை. இதற்குச் செலவு அதிகம் இல்லை, ஆனால் வசனப் பதிவுக்கு முன்பே செய்தாக வேண்டும்.

உரசலில் எதை வைப்பது எதை எடுப்பது என்பதற்குத் துப்பாக்கியும் மலேரியாவும் அளவுகோல். முன்கூட்டியே கண்ணில்பட்டு, முயன்றால் தவிர்க்க முடிகிற தொல்லை இருக்கட்டும். அறிவிப்பில்லாமல் வந்து நேரத்தை மட்டும் தின்பது போகட்டும். ஞாபகத்தைப் பொறுத்தவரை, பிடித்த முகாம் நிலைக்க வேண்டும். எதிரி அதை மீட்க வருவதும், வரும் வழியில் சாலையில் தென்படுவதும் சேர்ந்திருந்தால் 2013-ன் பேட்ச் தேவைப்பட்டிருக்காது.

மூன்றாம் பாகத்துக்கு இதற்கான பொருட்களும் இல்லாமல் இல்லை. கேமரா ஏற்கனவே நாயகன் கையில் இருந்தது. அதில் ஆட்களைக் குறிப்பதற்குப் பதில் படம் எடுத்து, அந்தப் படத்தைப் புரட்டிப் பார்க்கும்படி வைத்திருக்கலாம். கதையின் முதல் காட்சியே ஒரு மொபைல்போனில் ஓடும் விடுமுறை வீடியோதான். நண்பர்கள் சிரித்துக் கும்மாளமிடும் அந்தத் திரை விலகும்போது, போனைப் பிடித்திருப்பது கொள்ளையர் தலைவனின் கை என்று தெரிகிறது. அந்தப் போனைப் பிறகு நாயகனிடம் கொடுத்து, உடைந்த அதன் திரைக்குள் வரைபடத்தை வைத்திருந்தால், ஒவ்வொரு முறை வழி பார்க்கும்போதும் அந்தக் காட்சியும் கூடவே கைக்கு வந்திருக்கும்.